போன் என்னுடையது, பாவு யாருடையது?

ஆவணி நெருங்கினால் எங்கள் பிள்ளையார்பாளையத்தில் கையில் கொஞ்சம் பணம் புரளும். முகூர்த்தச் சேலைக்கு ஆர்டர் வந்திருக்கும், கூலி பாக்கி கொஞ்சம் தீர்ந்திருக்கும். அந்தச் சமயத்தில்தான் தெருவில் யாராவது என்னை நிறுத்தி, "தம்பி, போன் ஒண்ணு வாங்கணும், எது நல்லா இருக்கும் சொல்லு" என்பார்கள். நான் கம்ப்யூட்டரில் சேலை டிசைன் போடுகிறவன். கம்ப்யூட்டர் தெரிந்தவனுக்குப் போனும் தெரியும் என்பது தெருவின் கணக்கு. கேமரா, பேட்டரி, விலை என்று கேட்பார்கள். நான் பதிலுக்கு, "அதுல என்னென்ன வச்சிப்பீங்க? அதையெல்லாம் யாரு பார்க்கக் கூடாது?" என்று கேட்பேன். பெரும்பாலும் சிரிப்புதான் வரும். "நம்மகிட்ட மறைக்க என்னப்பா இருக்கு?"

தெருமுனையில் நின்றுகொண்டு அதற்குப் பதில் சொல்லி முடிக்க முடிந்ததில்லை. இங்கே சொல்கிறேன். நீளமாகத்தான் வரும்.

அப்பா முப்பத்தெட்டு வருடம் தறியில் உட்கார்ந்தவர். புது டிசைன் தறியில் ஏறியிருக்கும் நாட்களில், வேறு கடை ஆள் வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே தோளில் கிடக்கும் துண்டை எடுத்துப் படமரத்தின்மேல் போட்டுவிடுவார். வந்தவரோடு பேச்சு நடக்கும், அம்மா காபி கொடுப்பாள், துண்டு மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். அப்பா செய்வதில் தப்பு எதுவும் இல்லை, அந்தச் சேலையிலும் இல்லை. கோர்வை போட்டு, கரைக்கும் உடலுக்கும் தனித்தனி நாடா ஓட்டி, நாள்கணக்கில் உழைத்த வேலை. அது எப்போது, யார் கண்ணில் படவேண்டும் என்பதை உழைத்தவர்கள் முடிவு செய்யவேண்டும். மறைக்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது அந்தத் துண்டை.

இதில் சட்டமும் உண்டு. காஞ்சிபுரம் பட்டு என்ற பெயருக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது, ஆனால் அது பெயரைத்தான் காக்கும். தனி ஒரு டிசைனைக் காக்கவேண்டுமானால் 2000ஆம் ஆண்டின் வடிவமைப்புச் சட்டத்தின்கீழ் பதிவு செய்யவேண்டும், முதலில் பத்து ஆண்டு உரிமை கிடைக்கும். பதிவுக்கு முன்பே டிசைன் வெளியாகியிருந்தால் அது புதியது இல்லை என்று ஆகிவிடும், பதிவும் நிற்காது. எங்கள் தொழிலில் ஒரு போட்டோ கைமாறுவது அவ்வளவு பெரிய விஷயம்.

எனக்கு அந்தத் துண்டு நழுவிய கதையையும் சொல்லவேண்டும். சில வருடங்களுக்கு முன் இருதலைப்பட்சியும் தாழம்பூ ரேக்கும் கலந்து ஒரு முந்தி போட்டேன். கிராஃபையும், தறியில் முதல் முழம் வந்ததும் அதையும் போனில் படமெடுத்து வைத்தேன். ஒருநாள் அவசரமாகப் பிரிண்ட் எடுக்கவேண்டி, ஒரு கடையின் கம்ப்யூட்டரில் என் கணக்கைத் திறந்தேன். மூடினேன் என்றுதான் நினைத்தேன். மூடவில்லை. போனில் எடுக்கும் படமெல்லாம் தானாக மேலே ஏறும் வசதி அதில் இயங்கிக்கொண்டிருந்தது. போன் வாங்கிய அன்று 'அடுத்து, அடுத்து' என்று அழுத்தியபோது நானே அதற்குச் சம்மதம் சொல்லியிருக்கிறேன். அதற்குப் பின் நான் எடுத்த ஒவ்வொரு படமும் அந்தக் கடையின் திரையிலும் வந்துகொண்டிருந்தது. டிசைன் மட்டும் இல்லை. அம்மாவின் ரத்தப் பரிசோதனைத் தாள், தங்கை நிச்சயதார்த்தப் படம், வீட்டுப் பத்திரம் எல்லாம். நான்கு மாதம் கழித்து அதே முந்தி விசைத்தறிச் சேலையாகச் சந்தைக்கு வந்தது. யார் கொடுத்தார்கள் என்பதற்கு என்னிடம் சாட்சி இல்லை. அப்பா ஒரு வார்த்தை திட்டவில்லை. "துண்டு போடாம விட்டுட்டியேடா" என்றார், அவ்வளவுதான். அன்றுதான் போனைப் பற்றிப் படிக்க உட்கார்ந்தேன்.

வெளியூர்க்காரர்களுக்காகக் கூலித்தறி என்றால் என்னவென்று சொல்லிவிடுகிறேன். தறி நெசவாளியுடையது. குழி வெட்டியிருப்பது அவர் வீட்டுத் தரையில். ஆனால் பாவும் ஊடையும் முதலாளி கொடுத்த பட்டு, ஜரிகை அவர் நிறுத்துக் கொடுத்தது, டிசைன் அவர் சொன்னது. சேலை அறுத்ததும் கடைக்குப் போய்விடும், நெய்தவருக்குக் கூலி. இப்போது உங்கள் போனைப் பாருங்கள். காசு நீங்கள் கொடுத்தது. ரீசார்ஜும் கரண்டும் உங்களுடையது. ஆனால் உள்ளே ஓடும் பாவு வேறொருவருடையது, டிசைனும் அவர்களுடையது. எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், எந்தக் கடை வாசலில் நின்றீர்கள், யாரோடு எவ்வளவு நேரம் பேசினீர்கள் என்று அது நாள் முழுக்க நெய்கிறது. நெய்த துணி உங்கள் வீட்டில் தங்குவதில்லை. என் அப்பாவுக்குக் கூலியாவது வந்தது.

நான் கேட்பதெல்லாம் இதுதான்: என் போனில் எந்தப் பாவு ஓடவேண்டும் என்பதை நான் சொல்லவேண்டும். ஆப்பிளா ஆண்ட்ராய்டா என்ற சண்டையையும் இதை வைத்துத்தான் பார்க்கிறேன்.

ஆப்பிள் எங்களுக்குத் தூரத்துப் பெயர் இல்லை. எங்கள் காஞ்சிபுரம் மாவட்டத்துச் சுங்குவார்சத்திரத்தில், ஊரிலிருந்து முப்பது கிலோமீட்டருக்குள், பாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகின்றன. அதற்கு முன் 2006 முதல் ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா இருந்தது. தறி வேண்டாம் என்று எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் பலர் கம்பெனி பஸ் ஏறிப் போனார்கள், என் சித்தி மகளும் போனாள். 2014 நவம்பரில் அந்த ஆலை மூடப்பட்டது. இன்று விடியலில் தெருவில் பாவு நீட்டும் வீடுகள் குறைந்திருப்பதற்கு அந்த பஸ்களும் ஒரு காரணம். போன் செய்யும் கை எங்கள் ஊர்க் கை. அந்தப் போன் என்ன செய்யவேண்டும் என்று சொல்லும் உரிமை மட்டும் இந்தப் பக்கம் வரவே இல்லை.

ஐபோனைப் பற்றி நியாயமாகச் சொல்லவேண்டும். 2021 ஏப்ரலில், ஒரு செயலி மற்றச் செயலிகளிலும் இணையத் தளங்களிலும் உங்களைப் பின்தொடர வேண்டுமானால் முதலில் உங்களிடம் கேட்கவேண்டும் என்று ஆப்பிள் கொண்டுவந்தது. நல்ல காரியம். பல வருடங்களுக்குப் பாதுகாப்புத் திருத்தங்களும் தருகிறார்கள். எதையும் மாற்றத் தெரியாத, மாற்றிப் பார்க்க விருப்பமும் இல்லாத ஒருவர் கையில் பணம் இருந்தால், ஐபோன் வாங்குங்கள் என்று தயங்காமல் சொல்வேன். ஆனால் அது முழுக்க ஒரே முதலாளியின் தறி. செயலி வேண்டுமானால் அவர்கள் கடைதான். ஐரோப்பாவில் சட்டம் போட்டதால் 2024 மார்ச் முதல் அங்கே வேறு கடைகளுக்கும் கதவு திறந்தது, நமக்குத் திறக்கவில்லை. ஐகிளவுடில் ஏறும் படங்களுக்கு, நீங்களாகத் தேடிப் போய் ஒரு அமைப்பை இயக்காத வரை, சாவி அவர்களிடமும் இருக்கும். அந்தக் கூடுதல் பூட்டை பிரிட்டனில் 2025 பிப்ரவரியில் அரசு நெருக்கியதும் திரும்பப் பெற்றார்கள். வேறொருவர் கொடுத்த பூட்டை வேறொருவர் எடுத்துக்கொள்ளவும் முடியும்.

ஆண்ட்ராய்டின் அடித்தளம் திறந்த மூலம். யார் வேண்டுமானாலும் அதன் நிரலைப் பார்க்கலாம், எடுத்துத் தனியாக ஒன்று கட்டலாம். கடையில் வாங்கும் போனில் அதன்மேல் உட்கார்ந்திருக்கும் கூகுள் சேவைகள் திறந்தவை இல்லை, அவற்றை நீக்கவும் முடியாது. இந்தியாவில் நூற்றில் தொண்ணூறு போனுக்கு மேல் ஆண்ட்ராய்டு என்பதால் இது ஏறக்குறைய எல்லார் வீட்டு விஷயம். 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. தன் செயலிகளை மொத்தமாக முன்பே போட்டுத் தரவேண்டும் என்று போன் கம்பெனிகளைக் கட்டாயப்படுத்தியது அதில் ஒரு முக்கியக் குற்றச்சாட்டு. 2023 மார்ச்சில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அந்த அபராதத்தை உறுதி செய்தது. செய்தித்தாளில் அதைப் படித்தபோது, நான் தெருவில் தனியாகப் புலம்பிக்கொண்டிருந்ததை யாரோ கோப்பில் எழுதிவிட்டார்கள் என்று மனசு நிறைந்தது.

என் சொந்த ஏற்பாடு இரண்டு போன். பழைய போன் ஒன்றில் கம்பெனி போட்டுத் தந்ததை அழித்துவிட்டு, ஆண்ட்ராய்டின் அந்தத் திறந்த மூலத்தை எடுத்துக் கட்டிய லினேஜ்ஓஎஸ் போட்டிருக்கிறேன். கூகுள் கணக்கு இல்லை. செயலிகள் எஃப்-டிராய்டு என்ற களஞ்சியத்திலிருந்து வருகின்றன. 2010 முதல் நடக்கும் இடம் அது. மூல நிரலை வாங்கித் தாங்களே கட்டித் தருகிறார்கள், ஒரு செயலியில் விளம்பரமோ பின்தொடர்தலோ இருந்தால் அதன் பக்கத்திலேயே எழுதி ஒட்டுகிறார்கள். பட்டுக்கு சில்க் மார்க் மாதிரி என்று அம்மாவிடம் சொன்னேன், உடனே புரிந்துகொண்டாள். ஜரிகையை உரைத்துப் பார்க்க விடாத கடையில் நாம் சேலை எடுப்போமா? செயலிக்கு உரைகல் மூல நிரல்தான். எல்லாரும் உரைக்கவேண்டியதில்லை, உரைக்கத் தெரிந்த நாலு பேருக்கு வழி திறந்திருந்தால் போதும்.

லினேஜ்ஓஎஸ் மாதிரியே கட்டிய கிராஃபீன்ஓஎஸ் அதைவிடப் பாதுகாப்பானது. அதற்குக் கூகுளின் பிக்ஸல் போன் வேண்டும், அதன் விலை எங்கள் தெருவுக்கு எட்டாது. 2023 ஜனவரியில் ஐஐடி மெட்ராஸ் பக்கமிருந்து பார்ஓஎஸ் என்று ஒன்று அறிவித்தார்கள், ஆசையோடு காத்திருந்தேன். என் கண்ணில் பட்ட எந்தப் போனிலும் அதைப் பார்த்ததில்லை.

எல்லாம் சரியாகப் போய்க்கொண்டிருக்கும்போது வங்கி வந்து நிற்கும். என் பழைய போனில் மாதம் தவறாமல் புதிய பாதுகாப்புத் திருத்தம் வருகிறது. ஆனால் என் வங்கியின் செயலி அதில் திறக்க மறுக்கிறது. அது கூகுளிடம், 'இது நீ சான்று கொடுத்த போன்தானா' என்று கேட்கிறது, இல்லை என்று பதில் வருகிறது. அதே செயலி, பல வருடமாக எந்தத் திருத்தமும் காணாத எங்கள் பெரியப்பாவின் போனில் சிரமமில்லாமல் ஓடுகிறது, அதில் கம்பெனி போட்ட பூட்டு அப்படியே இருப்பதால். இதைப் பாதுகாப்பு என்று சொல்வதை என்னால் ஏற்கமுடியவில்லை. இது முதலாளி முத்திரை இருக்கிறதா என்று பார்ப்பது. யுபிஐ நம் நாட்டில் 2016இல் பிறந்தது, நம் பணம், நம் வங்கி, நடுவில் யுபிஐயை நடத்தும் நம் என்பிசிஐ. அந்தப் பணத்தை என் கையிலிருந்து காய்கறிக்கார அக்கா கைக்கு மாற்ற, கடல்தாண்டி ஒரு கம்பெனி என் போனுக்குச் சான்று கொடுக்கவேண்டியிருக்கிறது. இணையம் இல்லாமல் *99# அடித்து அனுப்பலாம்தான். ராஜவீதியில் பின்னால் நாலு பேர் நிற்கும்போது அதை அடித்துப் பார்த்தவர்களுக்கு அது எவ்வளவு சுற்று என்று தெரியும்.

அதனால் இரண்டாவது போன். வங்கிக்காக மட்டும், மலிவானது, சான்றுள்ளது. அதில் வேறு எதுவும் இல்லை, பெரும்பாலும் வீட்டு அலமாரியில்தான் இருக்கும். இரண்டு போன் வைத்துக்கொள்ள எல்லாராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும், அதுதான் என் ஆதங்கமே.

ஒரே போன் உள்ளவர்கள் என்ன செய்வது? கீபோர்டிலிருந்து தொடங்குங்கள் என்பேன். யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. வாட்ஸப் செய்தி மறையாக்கத்தோடு போகிறது என்கிறோம், 2016 முதல் அது உண்மையும்கூட, அனுப்புகிறவரும் பெறுகிறவரும் தவிர நடுவில் யாரும் படிக்க முடியாது. ஆனால் அந்தச் செய்தி மறைவதற்கு முன் ஒவ்வொரு எழுத்தும் கீபோர்டின் கையைத் தாண்டித்தான் போகிறது. கடவுச்சொல், அட்டை எண், அக்காவுக்கு எழுதிய அழுகை, எல்லாம். ஆங்கிலத்தில் 'அம்மா' என்று ஒலிபெயர்த்து அடித்தால் தமிழில் வரும் வசதிக்காக, முகம் தெரியாத இலவசக் கீபோர்டுகளை நம் ஆட்கள் இறக்கி வைத்திருக்கிறார்கள். நான் தமிழ்99 பழகினேன். தமிழ்நாடு அரசு 1999இல் தரப்படுத்திய விசைப்பலகை, உயிரும் மெய்யும் சேரும் முறை நம் எழுத்தின் முறைதான். ஒரு வாரம் கை தடுமாறும், பிறகு ஓடும். கேரளத்துக் கட்டற்ற மென்பொருள் ஆட்கள் தொடங்கிய இண்டிக் கீபோர்டு திறந்த மூலம், தமிழ்99 அதில் இருக்கிறது. ஐபோன்காரர்களுக்கு 2013 முதல் தமிழ் விசைப்பலகை உள்ளேயே வருகிறது, வெளியே போய் எதையும் இறக்கத் தேவையே இல்லை. முத்து நெடுமாறன் போன்றவர்கள் பல ஆண்டு உழைத்ததால் நமக்குக் கிடைத்தது அது. தாய்மொழியில் எழுத ஒரு உளவாளியை வீட்டுக்குள் விடவேண்டிய நிலை நமக்கு இல்லை என்பதை நினைத்தால் எனக்கு நிஜமாகவே பெருமையாக இருக்கிறது.

அடுத்தது அனுமதிகள். கொரோனா ஊரடங்கில் தறிகள் நின்றபோது, எதிர்வீட்டு அண்ணி ஒரு கடன் செயலியில் எட்டாயிரம் ரூபாய் வாங்கினாள். தொடர்பு எண்களைப் பார்க்கலாமா என்று கேட்டது, சரி என்று அழுத்தினாள். தவணை ஒன்பது நாள் தள்ளிப்போனதும் அவளுடைய தம்பி, மகளின் டீச்சர், அப்பாவின் முதலாளி என்று வரிசையாக எல்லாருக்கும் அசிங்கமான செய்தி போனது. அவள் இரண்டு வாரம் வாசலுக்கே வரவில்லை. இப்படி நாடு முழுக்க நடந்த பிறகு, 2022 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி, கடன் செயலிகள் தொடர்பு எண், படங்கள், அழைப்புப் பதிவு எதையும் தொடக்கூடாது என்று விதி போட்டது. விதி வந்தது நல்லது. ஆனால் விதிக்கு அடங்காத செயலி இன்னும் வரும், அப்போது கடைசித் தாழ்ப்பாள் உங்கள் விரல்தான்.

எதற்குச் சரி சொல்வது, எதற்கு மறுப்பது என்று அம்மா கேட்டாள். அவளுடைய பஞ்சாங்கச் செயலியை எடுத்துக் காட்டினேன். அது இருக்கும் இடத்தைக் கேட்கிறது. சூரிய உதயம் ஊருக்கு ஊர் மாறும், ராகுகாலம் அதை வைத்துத்தான் கணக்கு, அதனால் ஊர் பெயரைக் கொடுப்பதில் நியாயம் இருக்கிறது. அதே செயலி தொடர்பு எண்களையும் கேட்டது. "ராகுகாலம் பார்க்க என் தம்பி நம்பர் எதுக்கு?" என்றாள் அம்மா. அதற்குப் பிறகு நான் அவளுக்கு எதுவும் கற்றுக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை, அவளே ஒவ்வொன்றாக எடுத்துக் கேட்க ஆரம்பித்துவிட்டாள்.

வாட்ஸப்பை விடமுடியுமா என்று கேட்பார்கள். என்னால் முடியவில்லை. சேலை ஆர்டர், கடைக்குழு, கல்யாணப் பத்திரிகை எல்லாம் அதில்தான். 2021இல் தனியுரிமைக் கொள்கையை ஏற்றால்தான் ஆச்சு என்று வந்தபோது நிறையப் பேர் சிக்னலுக்குப் போய் மூன்று மாதத்தில் திரும்பி வந்தார்கள், ஏனென்றால் அத்தை மாமா எல்லாரும் இங்கேயே இருந்தார்கள். அந்தக் கொள்கைக்காகவே 2024 நவம்பரில் போட்டி ஆணையம் வாட்ஸப்பின் முதலாளியான மெட்டாவுக்கு 213 கோடி ரூபாய்க்கு மேல் அபராதம் போட்டது. செய்தியின் உள்ளடக்கம் மறைந்தாலும், யார் யாரோடு எப்போது எத்தனை முறை என்ற கணக்கு அவர்களிடம் இருக்கும். அதனால் டிசைன் பேச்சு எல்லாம் சிக்னலில், மற்றது வாட்ஸப்பில் என்று பிரித்திருக்கிறேன். 2025இல் ஸோஹோவின் 'அரட்டை' செயலி திடீரென்று பரவியபோது எனக்குச் சந்தோஷம்தான், தமிழ்ப் பெயர், தமிழ்நாட்டுக் கம்பெனி. ஆனால் அந்தப் பரபரப்பு நாட்களில் அதில் அழைப்புகளுக்குத்தான் முழு மறையாக்கம் இருந்தது, செய்திகளுக்கு இல்லை. நம்மூர் என்பதற்காக நான் உரைகல்லைத் தள்ளி வைக்கமாட்டேன். நம்மூர்க்காரர் என்றால் இன்னும் கொஞ்சம் அழுத்தியே உரைப்பேன்.

அரசுக்கும் அதே உரைகல். 2017 ஆகஸ்ட் 24 அன்று, ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமை என்றார்கள். 2025 நவம்பர் கடைசியில், இனி விற்கும் எல்லாப் போன்களிலும் சஞ்சார் சாத்தி செயலியை முன்பே போட்டுத்தரவேண்டும் என்று தொலைத்தொடர்புத் துறை உத்தரவிட்டது. தொலைந்த போனைக் கண்டுபிடிக்க உதவும் செயலி, பயனுள்ளதுதான். எதிர்ப்பு கிளம்பியதும் டிசம்பர் 3 அன்று அந்தக் கட்டாயத்தை விலக்கிக்கொண்டார்கள். பிடித்தவர்கள் தாங்களே இறக்கிக்கொள்ளலாம். ஒரு நல்ல செயலிக்கு அதைவிட மரியாதையான இடம் எது?

இப்போது என்னை அதிகம் பயமுறுத்துவது வேறொன்று. ஆண்ட்ராய்டு செயலி எழுதுகிறவர்கள் எல்லாரும், கூகுளின் கடைக்கு வெளியே கொடுத்தாலும்கூட, கூகுளிடம் அடையாளம் காட்டிப் பதியவேண்டும் என்று 2025 ஆகஸ்ட்டில் அந்தக் கம்பெனி அறிவித்தது. 2026 செப்டம்பரில் நான்கு நாடுகளில் தொடக்கம், பிறகு உலகம் முழுக்க. விவரம் தெரிந்தவர்களுக்குத் தனி வழி வைப்போம் என்று பின்னால் சொன்னார்கள். எஃப்-டிராய்டு இதைக் கடுமையாக எதிர்த்திருக்கிறது. சம்பளம் வாங்காமல், பெயர் போடாமல் நல்ல செயலி எழுதித் தருகிறவர்களின் வாசலில் விழும் பூட்டு இது. ஆண்ட்ராய்டில் மிச்சம் இருந்த சுதந்திரமே அந்த வாசல்தான்.

இதையெல்லாம் தனியாகக் கற்றுக்கொள்ளவில்லை. காஞ்சி லினக்ஸ் பயனர் குழு என்று ஒன்று இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமைகளில் ஜிட்சியில் இணையவழி கூடிப் பேசுகிறார்கள், முழுக்கத் தமிழில். எந்தக் கணக்கும் தொடங்காமல் பிரவுசரிலேயே போய் உட்காரலாம். கணியம் தளத்தில் அறிவிப்பு வரும். போட்டோக்களை யார் மேகத்துக்கும் அனுப்பாமல் ஸிங்க்திங் வழியாக என் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு மட்டும் எடுக்கும் முறையை இப்படி உடன் பேசும் கட்டற்ற மென்பொருள் நண்பர்களிடம்தான் பிடித்தேன். ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் பிள்ளையார்பாளையத்துச் சந்துகளை ஒவ்வொன்றாகச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். ஏகாம்பரநாதர் கோயிலும் வரதராஜர் கோயிலும் எல்லா வரைபடத்திலும் இருக்கும், எங்கள் தறித் தெருக்களை நாங்கள்தான் எழுதவேண்டும்.

போன வாரம் என் வங்கிக் கிளைக்குப் போய் ஒரு கடிதம் கொடுத்தேன். சான்று யாருடையது என்று பார்ப்பதற்குப் பதிலாக, போனின் பாதுகாப்புத் திருத்தம் எந்தத் தேதியுடையது என்று உங்கள் செயலி பார்க்கட்டும் என்று எழுதியிருக்கிறேன். கவுன்ட்டரில் இருந்த பெண் இரண்டு முறை படித்துவிட்டு, "சார், இது எந்த டிபார்ட்மெண்ட்டுக்கு அனுப்புறதுன்னு மேனேஜர்கிட்ட கேக்கறேன்" என்று சீல் வைத்து நகல் கொடுத்தாள். பதில் வந்ததும் இங்கே அப்படியே போடுகிறேன்.